கை நனைக்காத வீடு

பாண்டீஸ்வரி அக்கா பேசாமல் இருந்த நேரம் என்று ஒன்று உண்டென்றால், அது வாயில் குண்டூசி வைத்திருந்த நேரம்தான். திருநகரில் என் பக்கத்து வீட்டில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தவர், போன தையில் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பழைய ஓட்டு வீட்டை வாங்கிக் குடிபோனார். புரோக்கர் காட்டிய வீடு. சுவர் கனத்தைத் தட்டிப் பார்த்தவர், முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்கவில்லை.

பால் காய்ச்சிய அன்று ஊரே வந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தது, சிரித்தது, காபியை மட்டும் தொடவில்லை. "இப்பத்தான் குடிச்சேன் தாயி" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஓர் ஊரே ஒரே நேரத்தில் காபி குடித்துவிட்டா வரும்? எங்கள் பக்கம் பகை வீட்டுக்குப் போவார்கள், வருவார்கள். சாப்பிட மட்டும் மாட்டார்கள். கை நனைக்கிறதில்லை என்பார்கள்.

"நேத்து வந்தவ மேல என்னடி பகை? முந்தி இருந்தவுக மேலதான் இருக்கணும்" என்றார் அக்கா போனில். சித்திரையில் மகள் பவதாரிணிக்கு அந்த வீட்டில் காதுகுத்து. "கெடா வெட்டி பந்தி போட்டு, ஒருத்தரும் உக்காரலைன்னா பிள்ளை முகத்தைப் பாக்க முடியுமா பிருந்தா?" அழுதுவிட்டார்.

அழுது முடித்ததும் விசாரணையைத் தொடங்கினார். டீக்கடையில் கேட்டால் ஆண்கள் வானத்தைப் பார்த்தார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்டால் மழையைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் ஒச்சாயி என்ற பெண்மணி ஜாக்கெட் தைக்க வந்தார். அக்கா அவரைக் கையைத் தூக்கி நிற்கச் சொல்லி, டேப்பை மார்பைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டார். அளவெடுக்கும்போது யாராலும் நழுவ முடியாது.

"ஆண்டிச்சாமி அண்ணே வீடு இது. அவுக மகனுக்குக் காது குத்துனப்ப, எங்க வீட்டுக்காரரு இன்னுங் கொஞ்சம் கறி கேட்டாரு. 'அம்புட்டுத்தான், எந்திரி'ன்னுட்டாக. பந்தியில வச்சு! இந்த வீட்டுல இனி கை நனைக்க மாட்டேன்னு எந்திரிச்சாரு. பெறகால ஊரும் எந்திரிச்சிருச்சு. டேப்பை விடு தாயி, மூச்சு முட்டுது."

ஒச்சாயியின் கணவர் விருமாண்டி ஊரில் பெரிய தலைக்கட்டு. ஒரு துண்டு கறிக்காக ஒரு வீட்டையே ஒதுக்கி வைத்த புண்ணியவான்!

ஆண்டிச்சாமி இப்போது பசுமலையில் மகனோடு இருக்கிறார் என்று தெரிந்ததும், அக்கா திருநகருக்கு வந்து என் ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். அந்த வீட்டுப் பேச்சை எடுத்ததுமே பெரியவர் முகம் வாடிவிட்டது.

"அண்டாவுல கறி இல்லம்மா. இல்லைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் வெடுக்குன்னு சொல்லிப்புட்டேன். பெறகு மக கல்யாணத்துக்கு ஆக்கின சோத்தைக் குழி வெட்டிப் புதைச்சேன். அதுக்கு மேல அங்க இருக்க மனசு வரலை."

அக்கா, "காதுகுத்துக்கு நீங்கதான் கறி பரிமாறணும்" என்று அழைப்பிதழை நீட்டினார்.

"நான் வந்தா விருமாண்டி உக்கார மாட்டானே."

"நீங்க வாளியை மட்டும் பிடிங்கய்யா."

காதுகுத்து அன்று பந்தல் நிறையக் கூட்டம். இலைகள் மட்டும் காலியாகக் கிடந்தன. பவதாரிணி காதில் ரத்தப்பொட்டோடு இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புது ஜாக்கெட் போட்டிருந்த ஒச்சாயி முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார். விருமாண்டி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். கறி வாளியோடு உள்ளேயிருந்து வந்த ஆண்டிச்சாமி நேராக அவரிடம் போனார்.

"அன்னைக்கு அண்டா காலி மாப்ள. சொல்ல வாய் வரலை."

விருமாண்டி பந்தல் காலை விட்டார். மனைவிக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தார். அப்புறம் ஊர் உட்கார எவ்வளவு நேரம் ஆகும்?

கறியைச் சுத்தமாக வழித்துத் தின்றுவிட்டு விருமாண்டி தலை நிமிர்ந்தார்.

"அம்புட்டுத்தானா?"

பந்தியில் எல்லாருடைய கையும் நின்றது. ஆண்டிச்சாமி வாளியில் மிச்சமிருந்த கறி முழுவதையும் அவர் இலையில் கவிழ்த்தார்.

"உள்ள இன்னொரு அண்டா இருக்கு மாப்ள" என்றார். "எந்திரிக்காத."