தாள் ஒட்டிய பீரோ

ஆவடியில் பழைய சாமான் கடை வாசலில் இன்று பெயின்ட் வாடை அடித்ததும், அம்பத்தூரில் இப்போது இல்லாத அந்த பீரோ கடை நினைவுக்கு வந்தது. பீரோவை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் முகம் பார்க்கவேண்டும், கடையில் பார்த்தால் முகம் அங்கேயே தங்கிவிடும் என்று கடைக்காரர் எல்லாக் கண்ணாடிகளையும் செய்தித்தாளால் மூடியிருப்பார். அப்பா பூட்டைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் தாளைக் கண்ணளவு கிழித்துப் பார்த்துவிட்டேன். கடைக்காரர் என்னைத் திட்டவில்லை.

"இத்த உட்டுடு நைனா, வேற காட்றேன்" என்றார் அப்பாவிடம்.

அதைக் கடைசிவரை அவர் யாருக்கும் விற்கவில்லை. பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அந்த ஓட்டை தெரியும்.

இன்று ஆவடிக் கடைக்குள்ளே அதே பீரோ, அதே ஓட்டை, என் இடுப்புயரத்தில். நான் குனியவில்லை. கூட வந்திருந்த என் மகனுக்குக் குனியத் தேவையிருக்கவில்லை.

"அம்மா, உள்ள ஒரு பொண்ணு நிக்குது."