உதடு படாமல் ஊதியது

நான் ஐந்தாவது படித்த வருஷம் உத்திரமேரூர் பக்கமெல்லாம் விஷக்காய்ச்சல். வீட்டுக்கு ஒருவராவது இருமிக்கொண்டு படுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். "ஊரே இருமிக்கினு கீது. அடுத்தவங்க வாய் வெச்சதுல நீங்க வாய் வெச்சீங்க, தோலை உரிச்சிடுவேன்." தண்ணீரை அண்ணாந்து குடிக்கிற பழக்கம் முன்பே உண்டுதான். அந்த வருஷம் தம்ளர் உதட்டில் பட்டாலே பெரிய குற்றமாகிவிட்டது. இரண்டாவது படித்த தங்கைக்கு அண்ணாந்தால் புரையேறும். அவளுக்கு அடிக்கடி மூச்சிழுப்பு வேறு வரும்; அதற்குக் காஞ்சிபுரம் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவளைக் கண்காணிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். நாட்டாமை பண்ணுவதென்றால் எனக்கு அப்போதே கொள்ளை ஆசை.

காய்ச்சல் சற்று அடங்கியதும் மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரும் நர்சும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். பிள்ளைகளின் மூச்சை அளக்கப் போகிறார்களாம். கடிகாரம் மாதிரி வட்டமாக, ஊசி வைத்த ஒரு மிஷின். அதில் அட்டைக் குழலைச் செருகி ஊத வேண்டும். குழல் ஆளுக்கு ஒன்று, ஊதி முடித்ததும் எரித்துவிடுவோம், பயப்படாதீர்கள் என்று நர்சம்மா இரண்டு தடவை சொன்னார்.

என் முறை வந்தது. எனக்கு முன்னால் ஊதிய பையனை மிஞ்ச வேண்டும் என்கிற வெறியில் உதட்டை இறுக்கி ஊதித் தள்ளினேன். ஊசி ஓடியது. வாத்தியார்கூடச் சிரித்தார். நகர்ந்து வந்த பிறகுதான் அம்மா ஞாபகம் வந்தது. குழல் புதுசுதான், மிஷின் ஒன்றுதானே? எல்லாப் பிள்ளைகளின் மூச்சும் அதற்குள்தானே போயிருக்கிறது? அந்தச் சந்தேகம் அப்படியொன்றும் முட்டாள்தனமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நான்தான் மாட்டிக்கொண்டேன், இவளாவது தப்பட்டும் என்று வரிசையில் நின்ற தங்கையிடம் ஓடினேன்.

"உதடு படாம ஊது. தண்ணி குடிக்கிற மாதிரி தள்ளி வெச்சிக்கினு ஊது" என்றேன்.

பாவம், என் பேச்சை அவள் மீறியதே இல்லை. குழலை உதட்டுக்கு ஒரு விரல் தள்ளிப் பிடித்து ஊதினாள். ஊசி அசையவில்லை. வாயை மூடி ஊதச் சொல்லி நர்சம்மா குழலை நெருக்கிப் பிடித்தார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் பின்னால் சாய்ந்துகொண்டு ஊதினாள். மூன்று தடவையும் அப்படியே. அன்றைக்குப் பார்த்து அவளுக்கு இழுப்பும் இல்லை. வெளியே இன்னும் நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். சின்னப் பெண், ஊதத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு நர்சம்மா அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் நான்கு பிள்ளைகளுக்கு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்தார்கள். தங்கைக்கு இல்லை. அதைக் கேட்டதும் நைனாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மிஷினே ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுச்சு. இனிமே இன்னாத்துக்கு காஞ்சிபுரம் டாக்டரு?"

அம்மாவும் நம்பினாள். நான் வாய் வைத்தது தெரிந்துவிடுமே என்று பயந்து, மிஷின் பேச்சை எடுக்கவே தங்கையை விடவில்லை. காஞ்சிபுரம் போவது நின்றது. அந்த மார்கழியில் ஒரு காலை, பனியில் இழுப்பு முற்றி, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே அவள் நைனாவின் தோளில் போய்விட்டாள்.

சீட்டு வாங்கிய நால்வரில் ஒருத்தியை இப்போதும் திருப்புலிவனம் கோயிலில் பார்ப்பேன். பேத்தி எடுத்துவிட்டாள். அவளோடு சிரித்துப் பேசிவிட்டு வருகிற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

ஊசி குறைவாக ஓடுகிற பிள்ளைகளைத் தேடித்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வந்தார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதை நான் பந்தயம் என்று நினைத்திருந்தேன். உதட்டை மூடி ஊதியிருந்தால் தங்கை தோற்றிருப்பாள், சீட்டும் கிடைத்திருக்கும்.

அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன மிஷின் பொய் சொல்லிவிட்டது என்று இன்னும் திட்டுகிறாள். அது பொய் சொல்லவில்லை என்று நான் இதுவரை அவளிடம் சொல்லவில்லை.