புளி இயந்திரமும் ஒற்றைச் செங்கல் சுவரும்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதனால்தான் மூளை பழுதாகாமல் இருக்கிறது என்று வீட்டில் அடிக்கடி சொல்வேன். யாரும் மறுத்ததில்லை, மறுத்தால் நான் விடமாட்டேன் என்று தெரியும். கொள்ளேகாலிலிருந்து வெறுங்கையோடு வந்து, மைசூர் தேவராஜ மொஹல்லாவில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டவன் நான். தொண்ணூறுகளில் ஊரிலிருந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஏதாவது இயந்திரம் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். வேறு யாரிடம் போவார்கள்?

அங்கே இரண்டு விஞ்ஞானிகள். அடுத்தடுத்த அறை, நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஒருவர் மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார். மற்றவர் சாமராஜநகர்க்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். வேலை ஒன்றே: புளியம்பழத்தை உடைத்துச் சதையைப் பிரிக்கும் இயந்திரம். ஐயங்கார் மேலோட்டை எடுக்கவேண்டும், மற்றவர் கொட்டையை. ‘கூட்டு ஆராய்ச்சி’ என்று கதவில் பலகைகூட மாட்டியிருந்தார்கள். கூட்டாக இருந்தது அந்தப் பலகை மட்டும்தான்.

ஐயங்கார் தன் பாதி இயந்திரத்தின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டு, “ஓய், இது பக்கத்து ரூமுக்குத் தெரியப்படாது. ஐடியாவைத் தூக்கிண்டு போயிடுவர்” என்பார்.

மறுநாள் மற்றவர் வந்து, “யஜமான்ரே, அவர்கிட்ட ஒண்ணும் சொல்லவேண்டாம். காப்பி அடிச்சுடுவார்” என்பார்.

நாட்டின் பாதுகாப்பே புளியங்கொட்டையில் இருந்தது போலும். நானும் இரண்டு பாதிகளையும் எதிரெதிர் மூலைகளில் சாக்குப் போட்டு மூடிவைத்தேன்.

அப்போது டில்லியிலிருந்து கமிட்டி வருவதாகச் செய்தி வந்தது. முழு இயந்திரம் ஓடாவிட்டால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்களாம். விஞ்ஞானிகள் இருவருக்கும் என்ன, வேறொரு பலகை மாட்டிக்கொள்வார்கள். மானம் போவது எனக்கு. பூக்கடைக்காரன் முதல் வெற்றிலைக்காரன் வரை, “டில்லிக்காரன் என் மெஷினைப் பார்க்க வர்றான்” என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

யாரையும் கேட்காமல் இரண்டு பாதிகளையும் நானே சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டேன். அளவு கச்சிதம், என் கை அப்படி. கமிட்டி வருவதற்கு முந்தின நாள் ஆராய்ச்சிக்கூடத்து வராந்தாவில் வைத்து சுவிட்சைப் போட்டேன். முதல் பாதியில் ஓடு அழகாகச் சிதறியது. இரண்டாம் பாதியில் கொட்டையெல்லாம் நொறுங்கி, ரோடு போடும் ஜல்லி மாதிரி விழுந்தது.

இருவரும் ஓடிவந்தார்கள். முதல் தடவையாக ஒரே பக்கம் நின்று என்னைத் திட்டினார்கள்.

“யாருங்காணும் சேர்க்கச் சொன்னா?” என்றார் ஐயங்கார்.

“புத்தி இல்லவா? புளிக்கு ஆவி காட்டினாத்தான் கொட்டை முழுசா கழண்டு வரும். காய்ஞ்சதைப் போட்டா நொறுங்காம என்ன ஆகும்?” என்றார் மற்றவர்.

ஐயங்கார் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். “ஆவியா? ஈரம் பட்டா ஓடே உடையாதே!”

“நீங்க காயவைக்கிறது எனக்கு யார் சொன்னாங்க சார்?”

“நீர் கேட்டீரா?”

“ஏனுங்க சாமி, என்னைத் திட்டி முடிக்கறதுக்குள்ள நீங்களே அடிச்சுக்கிட்டா எப்படிங்க? வரிசையா வாங்க” என்றேன்.

இருவருக்கும் காது கேட்கவில்லை. “ஓடு போனப்புறம் நடுவுல ஆவி காட்டினா?” என்று ஒருவர் தொடங்க, “கீழே சல்லடை வெச்சுடலாம், உடைஞ்ச ஓடு உதிர்ந்துடும்” என்று மற்றவர் முடித்தார். தரையில் சாக்பீஸால் கிறுக்கினார்கள். ஒருவர் போட்ட கோட்டை மற்றவர் அழித்தார், யாரும் கோபிக்கவில்லை. நான் கேண்டீன் இட்லிப் பானையைத் தூக்கிவந்து, இரண்டு பாதிகளுக்கும் நடுவே குழாய் இழுத்தேன். சாயங்காலம் கொட்டை முழுசாக வெளியே குதித்தது.

மறுநாள் கமிட்டி பார்த்து மகிழ்ந்தது. திட்டம் பிழைத்தது. “இரண்டையும் சேர்ப்பது யாருடைய யோசனை?” என்று தலைவர் கேட்டார். “தொடக்கத்திலிருந்தே கூட்டாகத்தான் செய்கிறோம்” என்றார்கள் இருவரும், ஒரே குரலில். நான் கரிக்கையோடு பக்கத்தில்தான் நின்றேன். பரவாயில்லை, மார்க்கெட்டுக்கு உண்மை தெரியும், நான்தான் சொன்னேனே.

சில நாள் கழித்து ஐயங்கார் பட்டறை வாசலில் நின்று, “ஓய், அடுத்தது பலாக்கொட்டை. பக்கத்து ரூமுக்கு...” என்று ஆரம்பித்தார்.

“உள்ள வாங்க சாமி. அவரும் அதையேதான் சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருக்காருங்க.”

இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.