மூன்று விசிலுக்கு அர்த்தம்

பேஸ் கேம்ப் என்றால் என்ன என்று கேட்டதற்கு, "மலை ஏறறதுக்கு முன்னாடி சோறு திங்கிற எடம் மிஸ்" என்றான் ஒருவன். சரி என்று சொல்லிவிட்டேன். தப்பாக என்ன சொல்லிவிட்டான்?

ஏற்காட்டில் ஒரு விடுதி சனிக்கிழமைதோறும் நடத்துகிற குழந்தைகள் முகாமில் நான்தான் கேம்ப் மிஸ். சேலத்திலிருந்து வேனில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு, காட்டில் நடப்பது, கூடாரம் போடுவது பற்றிய வார்த்தைகளைப் புரியவைப்பது என் வேலை. விடுதிக்காரர் படம் போட்ட அட்டைகள் கொடுத்திருந்தார். அதில் இருப்பதை அப்படியே படித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடும். அதனால் நானே கதை கட்டிச் சொல்லுவேன். கூடாரத்துக்கு அடிக்கிற பெக் என்றால் மாடு கட்டுகிற முளைக்குச்சி. ஸ்லீப்பிங் பேக் என்றால் ஜிப் வைத்துத் தைத்த கம்பளி. ட்ரெயில் மார்க்கர் என்றால் வழி தெரிவதற்காக மரத்தில் கட்டுகிற ரிப்பன். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போக வேண்டிய இடம் வந்துவிடும்.

விசில் அட்டையில்தான் மாட்டிக்கொண்டேன். காட்டில் ஆபத்தில் இருப்பவர் மூன்று முறை ஊத வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஏன் மூன்று என்று ஒரு வாலு கேட்டது. எனக்குத் தெரியாது. பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளிடம் சொல்லும் பேய்க் கதையை எடுத்துவிட்டேன். காட்டில் முனி கூப்பிட்டால் ஒரு தடவை கூப்பிடும், மிஞ்சிப்போனால் இரண்டு தடவை. மூன்றாவது தடவை அதற்குக் கூப்பிட வராது. மூன்று தடவை கேட்டால்தான் மனிதர் குரல், அப்புறம்தான் பதில் பேச வேண்டும். விசிலும் அதே கணக்குத்தான் என்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டன. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மகளும் கேட்டாள். இரண்டாம் வகுப்பு. சனிக்கிழமை அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் என்னோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

அடுத்த வாரம் வாழவந்தி போகிற வழியில் உள்ள ஒரு எஸ்டேட்டில் ரிப்பன் விளையாட்டு. காப்பிச் செடிகளுக்கு நடுவே போகும் தடத்தில் காலையிலேயே சிவப்பு ரிப்பன்களைக் கட்டி வைத்திருந்தேன். பிள்ளைகள் அதைப் பார்த்து நடந்து காப்பி காயப்போடுகிற களத்துக்கு வந்து சேர வேண்டும். தடம் தொடங்குகிற இடத்தில் அவர்களை வரிசையாக நிறுத்தினேன். "இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று என் மகள் எல்லோருக்கும் முன்னால் கிளம்பிப் போனாள். மற்றவர்களையும் அனுப்பிவிட்டு நான் குறுக்கு வழியில் களத்துக்குப் போய் நின்றேன்.

மதியத்துக்கு மேல் பனி இறங்கியது. ஏற்காட்டுப் பனி சொல்லிக்கொண்டு வராது. எதிரில் இருக்கிற சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் இருக்காது. பிள்ளைகள் ஒவ்வொன்றாக, சிரித்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் களத்துக்கு வந்தன. கடைசிப் பிள்ளையும் வந்துவிட்டது. என் மகள் வரவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. எங்கேயாவது ஆரஞ்சு பறித்துக்கொண்டிருப்பாள், வரட்டும், முதுகில் இரண்டு வைக்கிறேன் என்று நினைத்தேன். பிள்ளைகளை வேன் டிரைவரிடம் விட்டுவிட்டுத் தடத்தில் போனேன். என் ரிப்பன்கள் கட்டியபடியே இருந்தன. தடம் வளைகிற இடத்தில், உள்ளே தள்ளி ஒரு காப்பிச் செடியிலும் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. சரிவில் இறங்கி இன்னும் நிறைய. அவற்றை நான் கட்டவில்லை.

நான் அவளைக் கூப்பிட்ட சத்தம் கேட்டு, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஓடி வந்தார். அவரிடம் அதைக் காட்டினேன்.

"அது நாங்க கட்டுனதுங்க. தண்டுல புழு வுழுந்த செடிக்கெல்லாம் அடையாளத்துக்குத் துணி கட்டி உட்டிருக்கறம். புடுங்கி எரிக்கோணுமில்லீங்க" என்றார். அப்புறம் அவருக்கே விஷயம் புரிந்து முகம் மாறியது. "ஏனுங்க, பாப்பா இதைப் பாத்துட்டா போயிருச்சு?"

புழு எந்தச் செடியில் விழும் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் துணிகள் ஒரு திசையில் போகவில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று சரிவு முழுக்கச் சிதறிக் கிடந்தன. கீழே சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு ஒன்று இருப்பதாக ரைட்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். காட்டெருமை இறங்குகிற பக்கமும் அதுதான்.

காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளை வைத்துவிட்டுத் தேட வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். "கண்ணூ!" என்று ஒரு குரல் மேலே. "சாமீ, எங்கிருக்கறே?" என்று ஒரு குரல் கீழே. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்துவேன், பதில் வராது, உடனே வேறு பக்கம் ஓடுவேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதில் எதுவும் இல்லை என்று நம்பவும் முடியவில்லை. பக்கத்தில் ஒரு பெரிய பலா மரம். அங்கே நின்று இரண்டு முறை கூப்பிட்டேன். மேலே யாரோ கூச்சல் போட்டார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று விழுந்தடித்து ஓடினேன். ஒரு பெண் சறுக்கி விழுந்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பாவப்பட்ட பெண்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் கழுத்தில் விசில் இருந்தது. நானே மாட்டிவிட்டது. ஏன் ஊதவில்லை? ஊத முடியாத நிலையில் இருக்கிறாளா? அதற்கு மேல் நினைக்க முடியாமல் தலையில் அடித்துக்கொண்டேன். வெளிச்சம் வேறு குறைந்துகொண்டே வந்தது. எந்தச் சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. தொண்டை கட்டிப்போய்ச் சரிவின் நடுவில் தனியாக நின்றேன். எந்தப் பக்கம் களம், எந்தப் பக்கம் கிணறு என்று தெரியவில்லை.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க..."

எந்தத் திசை என்று தெரியவில்லை. மறுபடி வரவில்லை. கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. வாயைத் திறக்காமல் அப்படியே ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு இலைகளை விலக்கிக்கொண்டு ரைட்டர் வெளியே வந்தார்.

"கூப்புட்டனே, ஏனுங்க பேசல?" என்றார்.

ஏன் பேசவில்லை? ஒரு தடவைதான் கூப்பிட்டார், அதனால் பேசவில்லை. இத்தனை வயதான எனக்கே வாய் வரவில்லை. அவளுக்கு? மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், எல்லாம் ஒரு தடவை, இரண்டு தடவை. அதற்குள் நாங்கள் இடம் மாறிவிட்டோம். இந்தக் காட்டில் அவளை யாருமே மூன்று தடவை கூப்பிடவில்லை.

"எல்லாரையும் சத்தம் போடாம நிக்கச் சொல்லுங்க" என்று ரைட்டரிடம் கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் சொன்னார். சரிவு அடங்கியது. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நின்ற இடத்திலேயே நின்று, உடைந்த தொண்டையை வைத்துக்கொண்டு அவள் பெயரைச் சொன்னேன். மறுபடி சொன்னேன். ஓடத் துடித்த காலை அடக்கிக்கொண்டு மூன்றாவது தடவையும் சொன்னேன்.

கீழே விசில் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

கிணற்றுப் பக்கத்துப் பலா மரம். அதன் வேருக்கும் மண் திட்டுக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது, கையில் ஒரு சிவப்புத் துணி. வாரி எடுத்துக்கொண்டேன். அடிக்கவில்லை. அழுதுகொண்டே, "விசில் ஊதறதுக்கென்ன கண்ணு?" என்று கேட்டேன்.

"ஊதுனா நான் இருக்கற எடம் முனிக்குத் தெரிஞ்சிருமில்ல?"

அவள் அழவே இல்லை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, மெதுவாக, குறை சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீ இங்கயே வந்து ரெண்டு தடவ கூப்புட்டம்மா. நீதான்னு எனக்கு நொம்ப ஆசையா இருந்துச்சு. மூணாவது தடவைக்குக் காத்துட்டே இருந்தேன். ஏம்மா போயிட்ட?"