பாஸ்போர்ட்டோடு போனையும் நீட்டுங்கள்

செல்போன் ரிப்பேர் தொழிலில் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, கண்ணும் சுத்தமாக இருக்க வேண்டும். சொந்த போன்களைப் பிரித்துக் கெடுத்தே தொழில் கற்றவன் நான். மலையடிவாரத்தில், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் சின்னக் கடை. சில நாடுகளின் விமான நிலையத்தில் அதிகாரிகள் போனைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள் என்ற பேச்சு பரவியதிலிருந்து, கண்ணாடி மாற்ற வருகிறவர்களைவிட, உள்ளே இருப்பதைத் துடைத்துத் தரச் சொல்லி வருகிறவர்கள் ஜாஸ்தி. உங்கள் போனை யாராவது கையில் எடுத்தாலே நீங்களும் பிடுங்கி வைத்துக்கொள்வீர்கள்தானே? ஊருக்கெல்லாம் அழித்துக் கொடுத்த நான், என் போனை அழிக்க முடியாமல் நின்ற கதையும் இதில் உண்டு.

ஒரே மலை

வாடகை அறையில் ஆறு மாதம் தங்கித் தியானம் செய்த வெள்ளைக்காரப் பெண்மணி, ஊருக்குக் கிளம்பும் முன் கடைக்கு வந்தார். தமிழ் ஓரளவு பேசுவார். அவரே போனை என் பக்கம் திருப்பிப் படங்களைத் தள்ளிக் காட்டினார். கிழக்கிலிருந்து மலை, மேற்கிலிருந்து மலை, மழையில் மலை, மேகத்துக்குள் மலை.

“அழகாத்தானே இருக்கு, எதுக்கும்மா அழிக்கணும்?” என்றேன்.

“ஒரே மலையை எல்லாப் பக்கமும் எடுத்திருக்கேன், அண்ணா. எதுக்குன்னு ஆபீசர் கேப்பாரு. சும்மா பாத்துட்டிருந்தேன்னு சொன்னா நம்புவாரா?”

பத்து நாள் முன்னாடி

பக்கத்து ஊரான வேங்கிக்காலிலிருந்து ஒருவர் வளைகுடா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “ஏர்போர்ட்ல நோண்டுவாங்களாம். ஒண்ணு விடாம அழிச்சிடுங்க” என்றார். “ஒண்ணு விடாமயா?” என்று இரண்டு முறை கேட்டேன். தலையாட்டினார். அழித்தேன்.

சாயங்காலம் மனைவியோடு ஓடிவந்தார். டிக்கெட்டும் விசாவும் அந்த போனில்தான் இருந்தனவாம். அவர் வியர்த்து நிற்க, அந்தம்மா நிதானமாகத் தன் போனை எடுத்து, இரண்டின் நகலையும் காட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “கெளம்ப இன்னும் பத்து நாள் இருக்கு. அந்த ஆபீசர் எங்க வீட்டுக்குள்ளயா இருக்காரு, அண்ணே?”

கொள்கை

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பேரனைப் பார்க்கக் கிளம்பினார். “என் போன் என் வீடு மாதிரி. எந்த நாட்டுக்காரன் கேட்டாலும் லாக் நம்பரைச் சொல்ல மாட்டேன்” என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, பேட்டரி மாற்றக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனார். வேலை முடிந்து சோதித்துப் பார்க்கத் திறக்கும் எண்ணைக் கேட்டேன். எதிர்ப்பக்கத்து டீக்கடையிலிருந்தே ஒவ்வொன்றாகக் கத்தினார். எனக்குக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் கத்தினார்.

பக்கத்துக் கடையில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்: “எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு, சார். அந்த ஊர் ஆபீசர் கேட்டா எங்கிட்ட கேக்கச் சொல்லுங்க!”

என் முறை

வெளிநாட்டிலிருக்கும் மகள் கூப்பிட்டாள். “எல்லாருக்கும் செய்யறதை உங்களுக்கும் செஞ்சுக்கிட்டு வாங்கப்பா” என்றாள். என் போனில் அழிக்க ஒன்றுதான் இருந்தது. இறந்துபோன என் மனைவி, கடையில் இருந்த எனக்குப் பேசி அனுப்பிய குரல் பதிவுகள். என்னைத் தவிர யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டரில் நகல் எடுத்துவிட்டேன். நகலும் அசலும் ஒன்றுதான் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். இருந்தும் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போகவில்லை. அப்படியே விமானம் ஏறிவிட்டேன்.

இறங்கிய இடத்தில் போனைக் கேட்டார்கள். திறந்து கொடுத்தேன். அதிகாரி நம் தமிழ்ப் பையன். நிறையக் குரல் பதிவுகள் ஒரே எண்ணிலிருந்து வந்திருக்கவும் ஒன்றைத் தொட்டார். “கடையைச் சாத்திட்டு வர்றீங்களா, அங்கயே குடும்பம் நடத்துறீங்களா? கொழம்பு ஆறிப்போச்சு. இன்னொரு தடவை சூடு பண்ண மாட்டேன், சொல்லிட்டேன்!” கவுன்டர் முழுக்க அவள் குரல். வரிசையில் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவள் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வரிசையே வீட்டுக்குள் புகுந்துவிட்ட மாதிரி எனக்குக் கூசியது.

அதிகாரியும் சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தார். “போங்க சார். வீட்டம்மா ரொம்பக் கோவமா இருக்காங்க, மொதல்ல பதில் போடுங்க.”

ஆகவே எல்லை தாண்டும் அன்பர்களே, அழிக்க வேண்டியதை அழித்துவிட்டுப் போங்கள், அழிக்க முடியாததை வைத்திருப்பவர்கள் சத்தத்தையாவது குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.