பீரங்கிக்குப் பதிலாகப் பன்னெண்டு

தண்ணீர்க் கேனை மரத்தடியில் இறக்கி வைத்ததும் முதல் டம்ளரை அவர்தான் குடிப்பார். தாகத்துக்காக இல்லை, ருசி பார்க்க. குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, "இதுல முட்டை வேக வைக்கலாம்" என்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே வசனம்தான். யாரும் சிரிப்பதில்லை. அவரும் அதை எதிர்பார்ப்பதில்லை. அப்புறம் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஷூ நாடாவை இழுத்து இரட்டை முடிச்சுப் போடுவார். ஆட்டத்திலேயே இல்லாத மனிதர் இத்தனை இறுக்கமாக ஷூ கட்டுவதை வேறு எங்கேயும் பார்க்க முடியாது.

பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் அவர் பன்னிரண்டாவது ஆள். அதனால் குழுவில் அவருக்கு 'பன்னெண்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது. தண்ணீர் சுமப்பது, வியர்வையில் ஊறிய கிளவுஸைக் கிளையில் காயப் போடுவது, ஆடுகிறவருக்கு அடிபட்டால் அவருக்குப் பதிலாக உள்ளே போய் ஃபீல்டிங் செய்வது எல்லாம் அவர் வேலை. பதிலுக்குப் போகிறவர் பேட் பிடிக்கக் கூடாது, பந்து வீசக் கூடாது. கேட்ச் பிடித்தாலும் ஸ்கோரில் 'பதில் ஆள்' என்றுதான் விழும். "நான் பிடிச்சதெல்லாம் ஊர் பேர் தெரியாத கேட்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு என்னவோ வாயோடு நின்றுவிடும்.

மற்ற நாட்களில் அவருக்குக் கண்ணாடிக்கடை. ஆள் உயரக் கண்ணாடியை மேசையில் கிடத்தி, வைரமுனையால் ஒரே இழுப்பு இழுத்து, ஓரத்தில் லேசாகத் தட்டுவார். கேட்ட அளவில் துண்டு தனியாக வந்துவிடும். வெட்டுவதற்கு முன்பு விரல் மடக்கித் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பது அவருடைய இன்னொரு பழக்கம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் சத்தத்தில் தெரிந்துவிடுமாம். வண்டியிலிருந்து கண்ணாடி இறக்க வருகிறவர்களிடம் சதா கத்திக்கொண்டிருப்பார். "இறுக்கிப் பிடிக்காதய்யா, வாங்கு! கைய ஒரு சாண் பின்னால விட்டு, வர்றத வாங்கிக்க!"

பந்தையும் அவர் அப்படித்தான் வாங்குவார். மற்றவர்கள் பிடித்தால் பட்டென்று சத்தம் கேட்கும். இவர் கைக்குள் போன பந்து சத்தமே போடாது. ஃபீல்டிங்கில் அந்த வட்டாரத்தில் அவருக்கு ஈடு கிடையாது. ஆனால் பேட்டைக் கொடுத்தால் ஒட்டடை அடிக்கிறவர் போல வீசுவார். அவருடைய மனைவியின் அண்ணன்தான் குழுவுக்குக் கேப்டன். "மாப்ள, வீட்டுல நீ எனக்குப் பெரிய மனுஷன். கிரவுண்டுல பேட்டு பிடிக்கத் தெரியணும்ல?" என்று மச்சான் கறாராகச் சொல்லிவிடுவார். அதில் தப்பு சொல்ல முடியாது.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. குழுவின் முதல் பேட்ஸ்மேன் பீரங்கி அண்ணன். மளிகைக் கடைக்காரர், பெருத்த சரீரம், அடித்தால் பந்து அடுத்த தெருவில் போய் விழும். ஆனால் குனிந்தால் நிமிரப் பக்கத்தில் ஆள் வேண்டும். எனவே அவர் அடித்து முடித்துவிட்டு வந்ததும், மச்சான் ஒரு பை ஐஸைத் துண்டில் சுற்றி அவர் முழங்காலில் வைப்பார். "பிடிச்சுக்கிச்சு" என்று நடுவருக்குக் கேட்கும்படி ஒரு குரல். உடனே பீரங்கி நாற்காலியில் சாய, பன்னெண்டு மைதானத்துக்குள் ஓட, குழுவுக்கு ஒரே விலையில் நல்ல பேட்ஸ்மேனும் நல்ல ஃபீல்டரும். ஐஸில் ஒரு துண்டு கேட்டால்கூட மச்சான் தர மாட்டார். "அது மருந்து, கைய வைக்காத." மருந்து நல்ல காலில் உருகிக்கொண்டிருக்க, மற்றவர்கள் வெந்நீர் குடிப்பார்கள்.

முதலில் பன்னெண்டுக்கு இது உறைக்கவில்லை. உள்ளே போக ஒரு வழி கிடைத்ததே என்ற சந்தோஷம்தான் இருந்தது. நாளாக ஆக, ஓடிப்போய் நிற்கும்போது எதிரணிக்காரர்கள் பார்க்கிற பார்வை முதுகில் ஊர ஆரம்பித்தது. அவர்களிடமும் ஒரு தொந்திக்காரர் இருந்தார். பாவம், அவர் மூச்சு வாங்க வாங்கத் தானே ஓடிக்கொண்டிருந்தார். "அடிபட்டவனுக்காக நின்னா பரவால்ல. நாற்காலியில உக்காந்து கடலை திங்கிறவருக்காக எதுக்கு நான் நிக்கணும்?" என்று ஒருநாள் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். "இத எங்கண்ணன்கிட்ட சொல்லுங்க, எங்கிட்ட எதுக்கு?" என்றாள் அவள். அவர் சொல்லவில்லை. காரணம், குழுவில் ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகவிருந்தார். "அடுத்த வாரம் அந்த இடம் உனக்குத்தான் மாப்ள" என்று மச்சான் வாக்குக் கொடுத்திருந்தார். பதினொரு பேரில் ஒருவராக ஒரே ஒரு நாள் நிற்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அந்த ஆசை வாயைக் கட்டிப் போட்டிருந்தது.

அந்த வாரம் பல் டாக்டர் தலைமையிலான குழுவோடு ஆட்டம். பின்பாதியில் மச்சான் பேட் பிடித்துக் கொண்டிருந்தார். அவர் நின்றால் ஜெயம் என்ற நிலை. பந்தைத் தடுக்கப் போன டாக்டரின் ஆள் ஒருவருக்கு விரல் பிளந்து ரத்தம் கொட்டியது. அவர்களிடம் மாற்று ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் எதிரணியிடம் கடன் கேட்பது அந்த மைதானத்து வழக்கம். டாக்டர் நேராக மச்சானிடம் வந்து, "உங்க பன்னெண்டக் குடுங்க சார்" என்றார். மச்சான் தயங்கினார். "எங்களோட ஆடுறப்பல்லாம் உங்க ஐஸ் பைக்கு நாங்க சரின்னு தலையாட்டலையா?" என்று டாக்டர் கேட்டதும் மச்சானும் தலையாட்டினார்.

மச்சான் இவரைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "போ மாப்ள. ஆனா ரொம்ப ஓடியாடி நிக்காத. புரியுதில்ல?"

புரிந்தது. போய் எல்லைக் கோட்டோரம் நின்றார். கொஞ்ச நேரத்தில் மச்சான் தூக்கி அடித்த பந்து வானத்துக்குப் போய், ஊரில் வேறு இடமே இல்லாதது போல் இவரைத் தேடிக்கொண்டு இறங்கியது. விட்டுவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. கண்ணில் வெயில் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? அடுத்த வார இடம், மச்சானின் முகம், வீட்டு நிலவரம் எல்லாம் அந்தப் பந்தோடு சேர்ந்து இறங்கின. ஆனால் கைகள் அவரிடம் யோசனை கேட்கவில்லை. ஒரு சாண் பின்னால் போய், வந்ததை வாங்கிக்கொண்டன. சத்தமே இல்லை.

ஆட்டம் கைவிட்டுப் போனது. மச்சான் இவரிடம் பேச வேண்டியதையெல்லாம் தங்கையிடம் தொலைபேசியில் பேசியிருந்தார்.

"எங்கண்ணன் அடிச்ச பந்துதான் கெடச்சுதா உங்களுக்கு?"

"நானா தேடிப் போனேன்? அதுவா வந்துச்சு."

அவள் குழம்பை ஊற்றினாள். "வந்தா என்ன பண்றது, பிடிக்கத்தான வேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார்.

அடுத்த ஞாயிறு பதினொரு பெயர்களை மச்சான் படித்தார். காலியான இடத்தில் மச்சானுடைய அலுவலகத் தோழர் ஒருவர். பன்னெண்டு வழக்கம்போலத் தண்ணீர்க் கேனை இறக்கினார், ருசி பார்த்தார், முட்டை வசனத்தைச் சொன்னார், இரட்டை முடிச்சுப் போட்டார். பீரங்கி அண்ணன் வெளுத்து வாங்கிவிட்டு வந்து நாற்காலியில் காலை நீட்டினார். ஐஸ் பை வந்தது. "பிடிச்சுக்கிச்சு" என்ற குரலும் வந்தது.

"மாப்ள, ஷூ கட்டியாச்சுல்ல? கெளம்பு" என்றார் மச்சான், முகத்தைப் பார்க்காமல்.

பன்னெண்டு எழுந்து போய் பீரங்கியின் முன்னால் மண்டியிட்டார். துண்டை விலக்கினார். விரலை மடக்கி அந்தப் பெரிய முழங்காலில் லேசாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். மரத்தடியில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

"விரிசல் இல்லண்ணே" என்றார். "நீங்களே போங்க."

பீரங்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி வெட்கமும் இருந்தது. நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்து, தொப்பியைத் தேட ஆரம்பித்தார். "என்ன மாப்ள இது?" என்றார் மச்சான். குரலில் பழைய கறார் இல்லை.

பன்னெண்டு ஐஸ் பையின் முடிச்சை அவிழ்த்து, அத்தனையையும் தண்ணீர்க் கேனுக்குள் கொட்டி மூடிக் குலுக்கினார். ஒரு டம்ளர் பிடித்தார். ருசி பார்க்கவில்லை. டம்ளரைத் துடைத்து, இரண்டு கைகளாலும் மச்சானிடம் நீட்டினார்.