படித்ததாகச் சொன்ன நாலு பக்கம்

பிள்ளைகளா, பெரியவள் பி.யூ.சி. முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தாளே, நர்சிங் சீட் கிடைக்கவில்லை என்று அப்போது நான் சொன்னது பொய். சீட் கிடைத்தது. கட்டுவதற்குப் பணம் இல்லை. அது எங்கே போனது என்று இப்போதுதான் எழுத மனம் வந்திருக்கிறது.

நான் அல்சூரிலேயே பிறந்தவன். கன்னடம் தமிழ்போலப் பேசுவேன். படிக்கத்தான் தெரியாது. எட்டாவது வரை படித்ததும் தமிழ் மீடியம். பஸ்ஸில்கூட நம்பரைப் பார்த்துத்தான் ஏறுவேன். இதை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

ஹொசகோட்டைக்கு அந்தப் பக்கம் வீடு கட்ட ஒரு சைட் இருப்பதாக ஒரு புரோக்கர் வந்தார். ஆஸ்டின் டவுன் தமிழர். நம் பாஷை பேசுகிறவர் என்பதாலேயே வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. இப்போது அட்வான்ஸ் போட்டால் காலேஜ் திறப்பதற்குள் வேறு பார்ட்டிக்குக் கைமாற்றி இரட்டிப்பாக எடுக்கலாம் என்றார். நாளைக்கே ரேட் ஏறிவிடும் என்றும் சொன்னார். ஒரு வாரம் டைம் கொடுங்கள் என்று நான் கேட்டிருந்தால் அவர் சுபாவம் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. படிப்புக்கென்று வைத்திருந்ததை, வேறு எதற்கும் தொடக்கூடாததை, முழுசாக எடுத்துக் கொடுத்தேன்.

அக்ரிமெண்ட் நாலு பக்கம், எல்லாம் கன்னடம்.

"கன்னடம் வரும்லண்ணா?" என்றார்.

"இங்கயே பொறந்தவன்பா, என்னைக் கேக்குறியே" என்று சிரித்தேன்.

விரலை வரிமேல் ஓட்டினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். வீட்டில் உங்கள் அம்மா, "நல்லா படிச்சிங்களா?" என்று கேட்டாள். படித்தேன் என்றேன்.

வாங்க வந்தவர்கள் பேப்பரைப் பார்த்துவிட்டு, இது இன்னும் விவசாய நிலம், வீடு கட்ட முடியாது என்று போய்விட்டார்கள். மீதி கட்ட வேண்டிய கெடுவும் தாண்டியது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டபோது புரோக்கர் பேப்பரைப் படிக்கச் சொன்னார். தொம்மலூரில் ஒரு டைப்பிங் கடையில் நீட்டினேன். அங்கிருந்த பெண் மூன்றாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். கெடு தப்பினால் அட்வான்ஸ் "வாபஸ் கொடலாகுவுதில்லா." காதில் விழுந்த உடனே புரிந்துவிட்டது. திருப்பித் தர மாட்டார்கள்.

"ஓதில்வா அண்ணா?" என்றாள். படிக்கவில்லையா என்று.

அவளிடம்தான் முதல்முதலாக உண்மையைச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்று. அதே வார்த்தையைக் கையெழுத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவளே படித்துச் சொல்லியிருப்பாள். நீங்கள் எதில் பணம் போட்டாலும், புரியாததைப் புரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த வெட்கம் அரை நிமிஷம்தான்.

போன ஞாயிறு நீங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போன பிறகு, சின்னவனின் பழைய கன்னட எழுத்துப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அக்ரிமெண்டின் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் கூட்டினேன். வா. ப. ஸ். அந்தச் சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்த சொல்லுக்குப் போனேன்.